ரோட் பிளாக்கில் ஒரு மகாராணி

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில், அவசரகாலத்தில், ஒரு நடிகரை நான் நாற்பத்து மூன்று நாள் சிறையில் வைத்தேன். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. என் நாடகத்தில் நான் பேசிய வசனம் நீளம் என்று சபையில் சொன்னார், அவ்வளவுதான். அதற்காக அவருடைய பெயருக்கு எதிரே எழுத வேண்டிய ஒரு வரியைத் தெரிந்தே எழுதாமல் விட்டேன். பிறகு போலீஸ் அதிகாரி முகத்துக்கு நேரே கேட்டபோது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். எனக்கு இப்போது எண்பத்தாறு வயது. கண் மங்கிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது. அந்தப் பொய்யைச் சொன்ன நாக்கு மட்டும் இன்னும் பழுதில்லாமல் வேலை செய்கிறது.

அப்போது நான் புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்பதால் ஆபீஸ் டைப்ரைட்டர் என் மேசையில் இருந்தது. டைப்ரைட்டர் இருந்ததால் வட்டாரத்து நாடகக் குழுக்களுக்கெல்லாம் நான் செயலாளர். எனக்கு நாடகம் எழுதவும் வரும், ராஜா வேடம் கட்டவும் வரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மறுத்துச் சொல்ல என் தோட்டத்தில் யாருக்கும் துணிச்சல் இல்லை. காலைப் பெரட்டில் அவர்களை வரிசையில் நிறுத்திப் பேரைப் பதிகிறவன் நான்தானே.

மாசி மாதம் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், வேலை சீக்கிரம் முடியும், ஆட்களுக்குக் கை அரிக்கும். காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகள், ரோட்டில் சிப்பாய்கள், ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி. வேலிக்குள் அடைத்துவைத்த சனங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா என்று மனுப் போட்டேன். மேடையைப் பார்க்கிறவன் காட்டைப் பார்க்கமாட்டான் என்று போலீஸ் அதிகாரிக்கும் தோன்றியிருக்க வேண்டும். மாசி முழுக்கக் கோலசிலாங்கூர் டவுன் மண்டபத்தில் நாடகம் நடத்த அனுமதி கிடைத்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று: எல்லாம் பட்டப்பகலில். ஏழு மணிக்கு ஊரடங்கு. அதற்கு முன் ராஜா முதல் விதூஷகன் வரை அவரவர் வேலிக்குள் திரும்பிவிட வேண்டும்.

அந்த ஒரு மாதம் டவுன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வார நாட்களில் மதியம் ஒரு நாடகம், சனி ஞாயிறில் இரண்டு. இரண்டு மணி வெயிலில் ஒருவன் வனவாசம் போவான். நான்கு மணிக்கு இன்னொருவன் திரும்பி வருவான். சபாக்கிலிருந்து வந்த குழு ஆர்மோனியத்தை மறந்துவிட்டு வந்தது. கெர்லிங் குழு நான்கு ரோட் பிளாக்குகளைத் தாண்டி வந்து சேர்ந்தபோது பாதி வசனம் வழியிலேயே உதிர்ந்துபோயிருந்தது. மலையிலிருந்து இறங்கிவந்த குரங்கு ஒன்று, முனிவர் ஒருவரின் தாடியைப் பிய்த்துக்கொண்டு போய்க் கூரைமேல் உட்கார்ந்து பேன் பார்த்தது. மண்டபத்துக்கு எதிரே சோற்றுக்கடை வைத்திருந்த காக்கா, கீழக்கரைப் பக்கத்துக்காரர், தினம் என்னிடம் புலம்புவார். போலீஸை அவர் மத்தா-மத்தா என்பார்.

"தம்பி, நேத்து ரெண்டு ராசா வந்து ரொட்டி தின்னுட்டு வாளை மேசையிலயே வச்சிட்டுப் போயிட்டாங்க. மத்தா-மத்தா வந்து பாத்தா ராசாவையா புடிப்பான்? என்னயத்தான புடிப்பான்!"

இந்தக் கூத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அரிதாரம் பூசி, நகை பூட்டி, சேலை கட்ட மூன்று மணி நேரம் ஆகும். டவுனுக்கு வந்து வேடம் கட்டினால் நாடகம் முடிவதற்குள் ஊரடங்கு வந்துவிடும். ஆகவே எல்லாக் குழுக்களும் தோட்டத்திலேயே வேடம் கட்டிக்கொண்டு லோரியில் ஏறிவிடுவார்கள். முதல் வாரமே வம்பு. எமன் வேடக்காரர் ஒருவரின் முகமும் அவருடைய ஐசியில், அடையாள அட்டையில், இருந்த முகமும் ஒத்துப்போகவில்லை என்று ரோட் பிளாக்கில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். எமனையே காக்கவைத்த ரோடு அது. பிறகு போலீஸ் அதிகாரி என்னைக் கூப்பிட்டு ஓர் ஏற்பாடு சொன்னார். ஒவ்வொரு குழுவுக்கும் செயலாளர் ஒரு கடிதம் தர வேண்டும். அதில் ஆளின் பெயர், ஐசி எண், அதற்கு எதிரே அன்றைக்கு அவர் போட்டிருக்கும் வேடம். அந்த மூன்றும் இருந்தால் எமனும் போகலாம், சித்திரகுப்தனும் போகலாம்.

இனி அந்த நடிகரைப் பற்றி. பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும், கட்டையான உடம்பு, கறுத்த மீசை. பதினோரு மாதம் அந்த மீசையைத் தடவிக்கொண்டிருப்பார். மாசி பிறந்தால் மீசையையும் புருவத்தையும் மழித்துவிட்டு மகாராணி ஆகிவிடுவார். ஸ்திரீ பார்ட் என்று சொல்வோம். அவர் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக மேடையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் தொட்டிலை ஆட்டினால் போதும், மண்டபத்தில் இருக்கிற பெண்கள் ஆளுக்கொரு மூலையில் மூக்கைச் சிந்துவார்கள். என் ராஜா வேடத்துக்கு அழுதவள் என் அம்மா ஒருத்திதான். அதுவும் எனக்கு வேர்த்துக் கொட்டுகிறதே என்று.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் வைத்த கட்டளையாம். முகத்தில் அரிதாரம் ஏறிவிட்டால், அதைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து எடுக்கும்வரை ஆண் குரலில் பேசமாட்டார். லோரியில் வரும்போதும் பெண் குரல்தான். வெற்றிலை கேட்பது, "கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்பது எல்லாம் அந்தக் குரலில்தான். லயத்துப் பெண்கள் அன்று முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரியவில்லை. அதனால் அவர் குழுவின் கடிதத்தில் நான் எப்போதும் ஒரு வரி சேர்த்து டைப் செய்வேன்: இவர் ஆண், பெண் வேடத்தில் இருக்கிறார், வேடம் கலையும்வரை பெண் குரலிலேயே பேசுவார். அதைப் படித்துவிட்டு மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சிரித்து வழிவிடுவார்கள்.

மூன்றாவது வாரம் என் நாடகம். துறவு பூணும் மன்னன் நான். சிம்மாசனத்தை விட்டு இறங்குவதற்கு முன் உலக வாழ்வின் நிலையாமை பற்றிப் பேச வேண்டும். அந்த வசனத்தை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மேடையில் அது முக்கால் மணி நேரம் ஓடியது. நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, வானத்தைப் பார்த்து, நீளமாக மூச்சு விட்டேன். அந்த அமைதியில் மூன்றாவது வரிசையிலிருந்து அவருடைய ஆண் குரல் கணீரென்று வந்தது.

"கிராணி! ஏழு மணிக்குக் கர்ஃபியூ லா!"

மண்டபமே வெடித்தது. மிருதங்கக்காரன் மிருதங்கத்தின் மேலேயே கவிழ்ந்து சிரித்தான். பின்னாலிருந்து ஒரு கிழவி, "பாவம், அந்த ராசாவை வுட்டுருங்கடி, சீக்கிரம் காட்டுக்குப் போவட்டும்" என்றாள். காட்டுக்கு என்றதும் காவலுக்கு நின்ற போலீஸ்காரன் வேறு திரும்பிப் பார்த்தான். மீதி வசனத்தை நான் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. துறவு பூண்டது மட்டும் தெரியும்.

நாடகம் முடிந்ததும் அவர் உள்ளே வந்தார். கையில் எனக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணி.

"தப்பா எடுத்துக்காதீங்க கிராணி. வசனம் நல்ல வசனம்தான். பாதியை அடுத்த வருசத்துக்கு வச்சிக்கலாம்."

நான் சிரித்தேன். தேத்தண்ணியைக் குடித்தேன். அன்றிலிருந்து நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் அவர் குழுவுக்கான கடிதத்தை டைப் செய்தேன். பெயர்களையும் எண்களையும் வேடங்களையும் வரிசையாக அடித்துக்கொண்டே வந்தேன். அவர் பெயரும் எண்ணும் வந்தன. வேடத்தையும் அந்த வரியையும் அடிக்காமல் அத்துடன் நிறுத்திவிட்டேன். ரோட் பிளாக்கில் ஒரு மணி நேரம் நிற்கட்டும், நாடகம் தாமதமாகட்டும், ஊரடங்கு வந்து இவருடைய அழுகையையும் பாதியில் அறுக்கட்டும். என் கணக்கு அவ்வளவுதான். பல ஆண்டுகள் இதோடு நிறுத்திக்கொண்டுதான் எனக்கு நானே கதை சொல்லிவந்தேன். ஆனால் இன்னொன்றும் உண்டு. தேடப்படும் ஆள் ஒருவன் பெண் உடையில் சபாக் பக்கம் தப்பித் திரிகிறான் என்று போலீஸ் அறிவிப்பு ஒன்று முந்தின நாள்தான் ஆபீசுக்கு வந்திருந்தது. அதைத் தமிழில் எழுதிப் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டியவன் நான். கடிதத்தை அடிக்கும்போது அது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய லோரியிலேயே நானும் டவுனுக்குப் போனேன். டிரைவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம். பின்னால் ராஜாவும் மந்திரியும் சேனாதிபதியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மகாராணி மட்டும் ஒரு தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து, முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தார். ரோட் பிளாக்கில் கடிதத்தை வாங்கிப் பார்த்தவன் புதுக் கான்ஸ்டபிள். ஒவ்வொருவரையும் இறக்கினான். பெண் என்று நினைத்து மகாராணியை மட்டும் தனியாக ஒதுக்கி, பெண்களைச் சோதிக்கிற மலாய்க்கார மக்சிக்கிடம் அனுப்பினான். தோட்டத்துப் பெண்கள் அரிசியை ஒளித்துக்கொண்டு காட்டுக்குப் போகிறார்களா என்று தடவிப் பார்ப்பது அந்த அம்மாளின் உத்தியோகம்.

அம்மாள் இடுப்பில் ஆரம்பித்தார். மேலே போனார். அங்கே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டதும், "பெராஸ்!" என்று கத்தினார். அரிசி! கான்ஸ்டபிள் ஓடிவந்து ரவிக்கைக்குள்ளிருந்த துணி மூட்டையைப் பிடுங்கித் துப்பாக்கிக் கத்தியால் ஒரே கிழி கிழித்தான். உள்ளேயிருந்து அரிசி கொட்டவில்லை. இலவம்பஞ்சு பறந்தது. ரோடு முழுக்கப் பஞ்சு. ராஜாவின் கிரீடத்தில் பஞ்சு, கான்ஸ்டபிளின் மீசையில் பஞ்சு. லோரிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான் சிரித்தேன்.

"லாக்கியா, பெரம்புவானா?" என்று கான்ஸ்டபிள் உறுமினான். ஆணா பெண்ணா என்று கேட்கிறான்.

மகாராணி நெஞ்சைச் சேலையால் மூடிக்கொண்டு, தன் பெயரை, ஐசியில் இருந்த ஆண் பெயரை, மெல்லிய பெண் குரலில் சொன்னார்.

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. ஐசியை வாங்கிப் பார்த்தான். அதில் மீசைக்காரர் ஒருவர் இருந்தார். எதிரே நின்றதற்கு மீசையும் இல்லை, புருவமும் இல்லை. பத்து நிமிடத்தில் ஜீப்பில் போலீஸ் அதிகாரியே வந்துவிட்டார். ராஜா கெஞ்சினார்.

"துவான், இது எங்க அண்ணன், துவான். பொம்பள வேசம். நாடகம். அண்ணே, நீயாச்சும் ஒரு வார்த்த உன் கொரல்ல பேசேன்! ஆம்பளக் கொரல்ல பேசித் தொலையேன்!"

மகாராணி தலையை ஆட்டினார். முடியாது.

அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். சன்னல் வழியாக அதை நீட்டி ஆங்கிலத்தில் கேட்டார். "மற்ற எல்லாருக்கும் வேடம் போட்டிருக்கிறது. இந்த ஆளுக்கு இல்லை. கடிதம் முழுமையானதுதானா? எதுவும் விட்டுப்போகவில்லையே?"

விட்டுப்போயிற்று, ஐயா என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார், பஞ்சு ஒட்டிய முகத்தோடு மகாராணியும் என்னைப் பார்த்தார். என் தவறை என் வாயாலேயே, அதுவும் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஒப்புக்கொள்ள என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"எல்லாம் சரியாக இருக்கிறது, சார்" என்றேன்.

அவரைச் சேலையோடு ஜீப்பில் ஏற்றினார்கள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. நாடகத்தை நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் கலவரம். அதனால் ராஜா வேடக்காரர் ஒரு நாற்காலியை மேடை நடுவில் போட்டு, அதுதான் மகாராணி என்று வைத்துக்கொண்டு நடித்தார். மகாராணியின் வசனத்தை ஆர்மோனியக்காரர் பெட்டிக்குப் பின்னாலிருந்து படித்தார். அவருக்குச் சளி வேறு. மகாராணி நடுநடுவே இருமினாள். சபை முதலில் முழித்தது. பிறகு ராணி இறந்து ஆவியாக வந்து பேசுகிறாள்போல என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டு அழ ஆரம்பித்தார்கள். காலி நாற்காலியைப் பார்த்து ஐந்நூறு பேர் அழுததை நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். என் மன்னனுக்கு வாய்க்காத கண்ணீர் அந்த நாற்காலிக்கு வாய்த்தது.

மறுநாள் காலை அவருடைய மனைவி என் ஆபீஸ் வாசலில் நின்றார். கையில் மடித்த ஒரு கைலியும் சட்டையும்.

"கிராணி ஐயா, அவரு இன்னும் சேலையோடதான் லாக்கப்புல இருக்காராம். இதக் குடுக்கச் சொன்னா வாசல்லயே வெரட்டுறான். நீங்க இங்கிலீசு பேசுவீங்க. ஒங்க பேச்சக் கேப்பாங்க."

"முகத்தைக் கழுவிவிட்டார்களா?"

"சவுக்காரம் போட்டுக் கழுவிட்டாங்களாம். அதுக்கப்பறம் சொந்தக் கொரல்ல எல்லாத்தையும் சொன்னாராம். அப்ப ரோட்டுல ஏன் சொல்லலன்னு கேட்டு அடிச்சிருக்கானுங்க." கையிலிருந்த துணியை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டார். "ஐயா, நீங்க எப்பவும் எழுதுவீங்களே, அந்தக் கடுதாசி. இந்தத் தடவ அதுல என்ன எழுதல?"

"பார்க்கிறேன்" என்றேன்.

துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மனுவும் எழுதினேன், மிக அழகான ஆங்கிலத்தில். அவருடைய நன்னடத்தை, குடும்பப் பொறுப்பு, கலைத்தொண்டு எல்லாம் அதில் இருந்தன. என் பெயருக்குப் பங்கம் வரும்படி ஒரு எழுத்தும் இல்லை. அடையாளம் சொல்லும்படி அவர் தோட்டத்துத் துரையைக் கேட்டார்கள். எண்ணூறு பேரில் அந்த முகம் எனக்கு எப்படித் தெரியும் என்று துரை கையை விரித்துவிட்டார். அவசரகாலச் சட்டத்தில் உள்ளே போவது சுலபம். வெளியே எடுக்க யாராவது ஒருவர் தன் பெயரைப் போட்டுக் காரணம் எழுத வேண்டும். காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஒரு மாதம் போயிற்று. அவர் மனைவி மறுபடி வந்தார். இந்த முறை கையில் துணி இல்லை.

"ஊருக்குக் கப்பல் ஏத்தப் போறாங்களாம், ஐயா. அங்க பொறந்தவருன்னு ஐசியில இருக்குதாம். நாலு வயசுல வந்த மனுசன். இன்னொரு கடுதாசி எழுதணும்."

"விடுவிக்கச் சொல்லியா?"

"இல்ல. என்னயும் சேத்து ஏத்தச் சொல்லி. நான் இந்த லயத்துல பொறந்தவ. அவரு ஊரு எந்தத் தெசைன்னுகூட எனக்குத் தெரியாது. அங்க போயி அவரு மட்டும் யாருகிட்டப் பேசுவாரு?"

டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகினேன். பெறுநர் விலாசம் வரைக்கும் அடித்தேன். அதற்குமேல் விரல் ஓடவில்லை. அவரை உட்காரச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக டவுன் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அந்த வரி விட்டுப்போனது என் தவறு என்று அதிகாரியிடம் சொன்னேன். வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றேன். ஒப்புக்கொள்ளும்போதும் பாதிதான் ஒப்புக்கொண்டேன். அவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டி, வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார். பத்து நாள் கழித்து விடுதலை.

அத்தோடு கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். அப்போதுதான் மோசமான பகுதியே தொடங்கியது. உள்ளே போன எவனும் அவ்வளவு சீக்கிரம் வெளியே வந்ததில்லை. யாரையாவது காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பைப்படியில் அவர் வந்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு போனார்கள். பால் வெட்ட அவர் பக்கத்து வரிசைக்கு யாரும் வரவில்லை. காட்டில் இருப்பவர்கள் காதுக்கும் இது போகும். போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் வாங்கியவர்கள் இரண்டு பேரை அந்த வருடம் ஏற்கெனவே புதைத்திருந்தோம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டும் எனக்கு வாய் திறக்க ஒன்பது மாதம் ஆயிற்று. அடுத்த மாசிக்கு அனுமதி வந்த வாரம், ஒரு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பால் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மனைவி எனக்குக் காப்பி கொடுத்தார். குடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் சொன்னேன். வசனம், கோபம், பலகையில் ஒட்டிய அறிவிப்பு, மறந்துவிட்டேன் என்று சொன்ன பொய். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "ஒரு வார்த்தைக்கா, கிராணி?" என்றார்.

அவர் மனைவி என் கையிலிருந்த கிளாசைப் பிடுங்கி, காப்பியைச் சாக்கடையில் ஊற்றினார்.

"இங்க வந்து ரெண்டு பேருகிட்டச் சொன்னா ஆச்சா? காட்டிக்குடுத்தவன்னு எல்லாரும் பேசுறாங்கல்ல? எல்லாரு முன்னாடியும் சொல்லு. அந்தக் கூட்டத்துல ஏறி நின்னு சொல்லு."

அதுவரை ஐயா போட்டுப் பேசியவர். எனக்கு அது உறைத்தது. சரி என்றேன்.

மாசி முதல் ஞாயிறு. கோலசிலாங்கூர் மண்டபம். திரை விலகுவதற்கு முன் செயலாளர் வரவேற்புரை சொல்வது வழக்கம். வரவேற்றுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னேன். "போன வருடம் நம் மகாராணியை ரோட் பிளாக்கில் பிடித்தது என்னால்தான். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவரைத்தான் நான் காட்டிக்கொடுத்தேன். என் வசனம் நீளம் என்று சொன்னார் என்பதற்காக."

பிறகு யாரோ, "இந்த வருசம் கிராணிக்குக் காமெடி வேசம் லா!" என்றான். அவ்வளவுதான், மண்டபம் சிரித்தது. நான் கையை உயர்த்தி, இது நாடகம் இல்லை என்றேன். இன்னும் சிரித்தார்கள். உண்மையாகவே நடந்தது என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பஞ்சு பறந்ததைச் சொன்னபோது முன்வரிசையில் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். எனக்குக் கண்ணீர் வந்தது. அதற்குக் கை தட்டினார்கள். என் வாழ்நாளில் எந்த ராஜா வேடத்துக்கும் கிடைக்காத கைத்தட்டல். மூன்றாவது வரிசையில் அவர் மனைவி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தபோது சோற்றுக்கடைக் காக்கா என் தோளில் கை வைத்தார். "தம்பி, அது நெசம்தானே?"

"ஆமாம், காக்கா."

"அப்பவே நெனச்சேன். நடிச்சா உங்களுக்கு இவ்வளவு நல்லா வராது."

கதை சபாக்கிலிருந்து கெர்லிங் வரை போயிற்று. ரோட் பிளாக்கில் பஞ்சு பறந்த கதையைக் கான்ஸ்டபிள்களே சொல்லிச் சிரித்தார்கள். கிராணியின் கோபத்தால் மகாராணி ஜெயிலுக்குப் போன கதை என்று காடுவரைக்கும் போயிருக்க வேண்டும். ஊரே சிரித்த மனிதனை யாரும் சுடப் போவதில்லை. ஒரு மாதத்தில் பைப்படியில் அவரோடு வாளி வைத்தார்கள், பேச்சுக் கொடுத்தார்கள். காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் போய்விட்டது. என் துரையும் கேள்விப்பட்டு, நல்ல நகைச்சுவை என்று என்னைத் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தண்டனை தர ஒருவரும் முன்வரவில்லை.

மாசி கடைசியில் அவர் மறுபடி மீசையை மழித்தார். அதே தாய், அதே தொட்டில். திரை விலகியது. அவர் குனிந்து, இறந்த பிள்ளையின் முகத்துணியை விலக்கினார். பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இன்னொருவன், "அக்கா, உள்ள அரிசியா பஞ்சா?" என்றான். அலை மாதிரி சிரிப்பு முன்னே வந்தது. பெண்கள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் நிறுத்தவில்லை. இரண்டரை மணி நேரம், ஒரு வரி விடாமல், பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக நடித்து முடித்தார். அவர்கள் இரண்டரை மணி நேரமும் சிரித்தார்கள். அவரைப் பார்த்து இனி யாராலும் அழ முடியாது என்று எனக்குப் புரிந்தது. அந்த மனிதரின் உயிரைக் காப்பாற்ற நான் செலவழித்தது அவரிடமிருந்த ஒரே சொத்தை.

அதன்பிறகு அவர் வேடம் கட்டவில்லை. ஆண் வேடமாவது ஒன்று எழுதித் தருகிறேன் என்று சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். கையில் நோட்டுப் புத்தகம்கூட இருந்தது. அவர் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் மனைவி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"போதும். இனிமே எங்களுக்கு எதுவும் செய்யாதீங்க. கேக்குதா? கெட்டது மட்டும் இல்ல, நல்லதும் செய்யாதீங்க."

அந்த வார்த்தையை அறுபது வருடம் காப்பாற்றினேன். வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனேன். அவர்களைப் பற்றி யாரிடமும் விசாரித்ததில்லை. யாராவது அந்தப் பஞ்சுக் கதையைச் சொல்லிச் சிரித்தால் எழுந்து போய்விடுவேன். இன்றைக்கு அதை நானே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். ரோட் பிளாக் வரும் இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது.